ஆசிரியர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு அனுபவமா? அது செயலமர்வு இல்லை

பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்குப் பொறியியல் ஆய்வு அனுபவம் என்று யாராவது சொன்னால் திருகோணமலையில் ஆளாளுக்கு ஒன்றை நினைத்துக்கொள்கிறார்கள். வலயக் கல்வி அலுவலகம் கூப்பிட்டு, மண்டபத்தில் இருத்தி, ஸ்லைட் போட்டு, பத்தரைக்கு ரோல்ஸும் தேநீரும் தந்து, நாலு மணிக்குச் சான்றிதழோடு அனுப்பிவிடுகிற செயலமர்வுதான் அது என்பது ஒரு பகுதியினரின் எண்ணம். ஆய்வுகூடத்தைச் சுற்றிப் பார்த்து, இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டு வருவது என்று இன்னும் சிலர். முதுமாணிப் பட்டத்துக்கு அது ஒரு குறுக்குவழி, பதவி உயர்வுக்குப் புள்ளி கிடைக்கும் என்று அடித்துச் சொல்கிறவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றும் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். பொறியியல் தெரியாதவர்களுக்கும் விளங்க வேண்டும் என்பதால் நுணுக்கமான சங்கதிகளை விட்டுவிடுகிறேன்.

மீன் வாங்குவதும் படகில் போவதும்

செயலமர்வு என்பது சந்தையில் மீன் வாங்குவது மாதிரி. யாரோ பிடித்து, யாரோ கரை சேர்த்து, வெட்டிச் சுத்தம் செய்து வைத்ததை நீங்கள் பையில் போட்டுக்கொண்டு வருகிறீர்கள். நல்ல மீனாகவே இருக்கலாம், குறை சொல்லவில்லை. ஆய்வு அனுபவம் என்பது விடியப்புறம் படகில் ஏறிப் போவது. சம்மாட்டியாகப் போவதில்லை, கூடமாட உதவி செய்கிற ஆளாகத்தான். வலையை எங்கே போடுவது என்று படகில் இருப்பவர்கள் எப்படித் தீர்மானிக்கிறார்கள், நீரோட்டம் மாறினால் என்ன செய்கிறார்கள், வெறும் வலை வந்தால் என்ன கதைக்கிறார்கள் என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மீன் கிடைக்காமலும் போகலாம். ஆனால் அடுத்த நாள் வகுப்பில் மீன்பிடி பற்றிச் சொல்லும்போது அந்த ஆள் சொல்கிற விதமே வேறாக இருக்கும்.

இதை ஒழுங்கான திட்டமாக நெடுங்காலமாக நடத்துகிற இடம் அமெரிக்கா. 1950இல் தொடங்கப்பட்ட அந்த நாட்டின் தேசிய விஞ்ஞான மன்றம், அதாவது ஆய்வுகளுக்கு அரசாங்கப் பணத்தைப் பிரித்துக் கொடுக்கிற நிறுவனம், பொறியியல், கணினி விஞ்ஞானத் துறைகளில் ஆசிரியர்களை ஆய்வில் சேர்த்துக்கொள்ளப் பல்கலைக்கழகங்களுக்குப் பணம் கொடுக்கிறது. இந்தத் திட்டத்தில் பாடசாலை ஆசிரியர்கள் கோடை விடுமுறையில் சுமார் ஆறு கிழமை ஒரு பொறியியல் பீடத்தில் வேலை செய்கிறார்கள். வேலை என்றுதான் சொல்கிறேன், படிப்பு என்று சொல்லவில்லை, ஏனென்றால் அதற்கு உதவித்தொகையும் கொடுக்கிறார்கள். ஒவ்வொரு ஆசிரியரும் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்க்கப்படுவார். ஆய்வுக் குழு என்றால் ஒரு பேராசிரியர், அவருக்குக் கீழே முதுநிலைப் பட்டத்துக்குப் படிக்கும் சில மாணவர்கள், ஒரு தொழினுட்ப உதவியாளர், எல்லோருக்கும் பொதுவான ஒரு பெரிய கேள்வி. ஆறு கிழமை முடியும்போது ஆசிரியர் இரண்டு பொருள்களோடு வெளியே வர வேண்டும்: தான் செய்த ஆய்வைப் பற்றிய ஒரு சுவரொட்டி, அதிலிருந்து பிறந்த ஒரு பாடம். அந்தப் பாடங்களில் பல, கொலராடோ பல்கலைக்கழகம் முன்னின்று நடத்தும் டீச் எஞ்சினியரிங் என்ற இலவச இணைய நூலகத்தில் போய்ச் சேர்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பாவிக்கலாம்.

இதுவரை சொன்னதைக் கட்டிப்போட்டால் இவ்வளவுதான்: ஆசிரியர் சில கிழமைகளுக்கு ஆய்வுக் குழுவின் கடைக்குட்டி உறுப்பினர் ஆகிறார், உண்மையான கேள்வி ஒன்றில் கைவைக்கிறார், திரும்பி வந்து பாடமாக்குகிறார்.

விடை தெரிந்த பரிசோதனையும் தெரியாத பரிசோதனையும்

இனித்தான் உள்ளே நடப்பது. உயர்தரத்தில் பௌதிகவியல் படித்தவர்களுக்கு எளிய ஊசல் பரிசோதனை நினைவிருக்கும். நூலில் குண்டைக் கட்டி ஆட்டி, அலைவுகளை எண்ணி, ஈர்ப்பு ஆர்முடுகலைக் கணிக்க வேண்டும். விடை 9.8 என்று எல்லோருக்கும் முதலே தெரியும். 9.1 வந்தால் என்ன செய்வோம்? சத்தம் போடாமல் நேரத்தைக் கொஞ்சம் சரிக்கட்டி, வரைபில் ஒரு புள்ளியை மெல்லத் தள்ளி, 9.78 என்று எழுதிக் கொடுத்துவிடுவோம். ஆசிரியருக்கும் தெரியும், அவரும் ஒரு காலத்தில் அதைத்தான் செய்தார், அவருடைய ஆசிரியரும் அதைத்தான் செய்திருப்பார். இது பிள்ளைகளின் நேர்மை பற்றிய பிரச்சினை என்று நான் நினைக்கவில்லை. விடையைக் கையில் கொடுத்துவிட்டுத் தேடச் சொன்னால் யாரும் அப்படித்தான் செய்வார்கள்.

ஆய்வில் சரிக்கட்டுவதற்கு வழியே இல்லை, ஏனென்றால் எந்த எண்ணை நோக்கிச் சரிக்கட்டுவது என்றே யாருக்கும் தெரியாது. பேராசிரியருக்கும் தெரியாது. ஆய்வுக் கேள்வி என்பது அதுதான்: கேட்கிறவருக்கே விடை தெரியாத, ஆனால் அளந்து கண்டுபிடிக்கக்கூடிய ஒரு கேள்வி. கடலோரக் கட்டடங்கள் ஏன் பழுதாகின்றன என்பது ஆய்வுக் கேள்வி இல்லை, மிகவும் அகலம். இந்த அளவு உப்பில், இந்தக் கலவையில், இத்தனை மாதத்தில் உப்பு எத்தனை மில்லிமீற்றர் உள்ளே போகும் என்பது ஆய்வுக் கேள்வி.

இருபது வருடம் படிப்பித்த ஆசிரியருக்கு இந்த இடம் கஷ்டமாக இருக்கும். வகுப்பில் அவர்தான் விடை தெரிந்தவர். இங்கே அவர் கேட்கும் கேள்விக்குக் குழுவில் இருப்பவர்கள் தலையைச் சொறிந்துவிட்டு, தெரியாது, செய்து பார்ப்போம் என்பார்கள். அதோடு அவருக்கு வழிகாட்டியாக, அதாவது தினமும் பக்கத்தில் நின்று வேலை பழக்குகிற ஆளாக, பெரும்பாலும் வருவது பேராசிரியர் இல்லை, இருபத்தைந்து இருபத்தாறு வயது ஆய்வு மாணவர். தம்பி, இந்த வால்வை எந்தப் பக்கம் திருப்புறது என்று ரீச்சர் கேட்க, அவன் கூச்சத்தோடு, மிஸ், முதல்ல கையுறையைப் போடுங்க என்று சொல்ல வேண்டியிருக்கும். சிரிப்பாகத்தான் இருக்கும், ஆனால் ஆசிரியர் மறுபடி ஒரு பிள்ளையாகி இருக்கப் பழகுவதற்கு இதைவிட நல்ல வழி இல்லை.

சரி, ஏன் பொறியியல்?

விஞ்ஞான ஆய்வு போதாதா என்று கேட்கலாம். இரண்டும் அண்ணன் தம்பி, ஆனால் ஒன்றல்ல. இது ஏன் இப்படி நடக்கிறது என்று விஞ்ஞானம் கேட்கும். இருக்கிற காசுக்கும் நாளுக்கும் பொருளுக்கும் உள்ளே இதை எப்படி நடத்திக்காட்டுவது என்று பொறியியல் கேட்கும். அந்த இருக்கிற காசு, நாள், பொருள் எல்லாவற்றுக்கும் சேர்த்து மட்டுப்பாடுகள் என்று பெயர்.

2009இல் கிண்ணியாப் பாலம் திறந்ததிலிருந்து நாம் பாதைப் படகுக்குக் காத்து நிற்பதில்லை. சுமார் 396 மீற்றர் நீளம். விசைகள், திருப்பங்கள் பற்றிய விஞ்ஞானம் அதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே தெரியும். ஆனால் உப்புத் தண்ணீரில் தூண் இறக்குவது, கீழே படகு போக இடம் விடுவது, கிடைத்த பணத்துக்குள் முடிப்பது, இவை எந்தப் பாடநூலின் கடைசிப் பக்க விடைகளிலும் இல்லை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்று குறையும், எதை எவ்வளவு விட்டுக்கொடுப்பது என்று யாராவது தீர்மானிக்க வேண்டும்.

2013இல் அமெரிக்காவில் வெளியான புதிய பாடசாலை விஞ்ஞானத் தரநிலைகள் பொறியியல் வடிவமைப்பை விஞ்ஞானப் பாடத்துக்குள்ளேயே கொண்டுவந்தன. அங்கே விஞ்ஞான ஆசிரியர்களில் பலர் பொறியியல் பக்கம் எட்டியும் பார்த்திராதவர்கள், ஆகவே இந்த மாதிரித் திட்டங்களின் தேவை கூடியது. நமது நாட்டில் உயர்தரத்தில் தொழினுட்பத்துறை தொடங்கியதும் அதே 2013இல்தான். பொறியியல் தொழினுட்பவியல் என்ற பாடத்தைப் படிப்பிக்க ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள், பெயரில் பொறியியல் இருக்கிறது, ஆனால் ஒரு பொறியியலாளர் திங்கட்கிழமை காலையில் மேசையில் இருந்து என்னதான் செய்வார் என்று பிள்ளை கேட்டால் சொல்ல எத்தனை பேருக்கு வாய்ப்புக் கிடைத்திருக்கிறது?

உதாரணத்துக்கு ஒரு ரீச்சர்

இனிப் பொதுவாகக் கதைப்பதை விட்டுவிட்டு ஓர் ஆளை உள்ளே அனுப்பிப் பார்ப்போம். மூதூர்ப் பக்கத்தில் தரம் 10, 11க்கு விஞ்ஞானம் படிப்பிக்கிற ஒரு ரீச்சர் என்று வைத்துக்கொள்வோம். துருப்பிடித்தல் பாடத்தில் அவர் ஒவ்வொரு வருடமும் அதே பரிசோதனையைத்தான் செய்கிறார்: ஒரு குழாயில் ஆணியும் தண்ணீரும், இன்னொன்றில் கொதித்தாறிய தண்ணீரும் மேலே எண்ணெயும், மூன்றாவதில் ஈரத்தை உறிஞ்சுகிற கல்சியம் குளோரைட்டு. முதலாவதில் மட்டும் துரு வரும். பிள்ளைகளுக்கும் தெரியும், ஏனென்றால் அக்காவின் கொப்பியில் இருக்கிறது.

ஆனால் உப்புவெளிப் பக்கம் கடலோர வீடு ஒன்றின் சிலாப்பை அண்ணாந்து பார்த்தால், சீமெந்து பொருக்கு விட்டு, உள்ளே கம்பி செம்மண் நிறத்தில் தெரியும். கடலுக்குத் தள்ளியிருக்கிற கந்தளாயில் அதே வயதுடைய வீட்டில் அப்படி இருக்காது. ஏன்? கம்பி கொங்கிறீற்றுக்குள் தானே இருக்கிறது?

கொங்கிறீற்று கடுமையான காரம். அந்தக் காரத்தில் கம்பியின் மேல் மெல்லிய ஒரு காப்புப் படலம் உண்டாகி, கம்பி துருப்பிடிக்காமல் இருக்கும். கடற்காற்றில் வருகிற உப்பின் குளோரைட்டு அயன்கள் கொங்கிறீற்றின் நுண்துளைகள் வழியே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊர்ந்து, கம்பியைத் தொட்டு, போதிய அளவு சேர்ந்ததும் அந்தப் படலத்தை உடைத்துவிடும். பிறகு துரு. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு வரை அதிக இடம் பிடிக்கும், அந்த வீக்கம்தான் சீமெந்தை உள்ளிருந்து தள்ளிப் பிளக்கிறது. நுண்துளைகள் குறைவாக இருந்தால் உப்பு மெதுவாகப் போகும். நுண்துளைகள் கூடுவதற்கு முக்கிய காரணம், மேசன் பாஸ் கலவை இலகுவாகப் பரவட்டும் என்று மேலதிகமாக ஊற்றுகிற தண்ணீர்.

ரீச்சர் சேர்கிற குழு உமிச்சாம்பலை ஆராய்கிறது. நெல் ஆலைகளில் உமியை எரித்து மிஞ்சுவது. தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கத்து ஆட்களுக்கு அதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. அதில் பெரும்பகுதி சிலிக்கா. சுமார் 700 பாகை செல்சியசுக்குக் கீழே பக்குவமாக எரித்து நன்றாக அரைத்தால், சீமெந்து இறுகும்போது வெளிவருகிற கல்சியம் ஐதரொட்சைட்டோடு அது தாக்கமடைந்து நுண்துளைகளை அடைக்கும். அதிகம் சூடாக்கினால் சிலிக்கா பளிங்காகிவிடும், பிறகு பெரிதாகத் தாக்கமடையாது. ஆகவே கேள்வி: சீமெந்தில் 10 வீதத்தை அல்லது 20 வீதத்தை எடுத்துவிட்டு உமிச்சாம்பல் போட்டால் கொங்கிறீற்றின் பலம் என்ன ஆகும், உப்பு எவ்வளவு தூரம் போகும்?

ஆறு கிழமைக்குள் என்ன செய்யலாம்?

முதல் கிழமை பெரும்பாலும் வாசிப்பும் பாதுகாப்பும். முன்பு யார் என்ன செய்தார்கள் என்று கட்டுரைகளை வாசிக்க வேண்டும், அதில் பாதி விளங்காது, பரவாயில்லை. ஈரச் சீமெந்து தோலை அரிக்கும், கையுறை இல்லாமல் தொடக் கூடாது.

இரண்டாம் கிழமைத் தொடக்கத்தில் வார்ப்பு. பக்கம் 150 மில்லிமீற்றர் கொண்ட சதுர முகிக் கட்டிகள், ஒவ்வொன்றும் ஏறத்தாழ எட்டுக் கிலோ. சாம்பல் இல்லாதது, 10 வீதம், 20 வீதம் என்று மூன்று கலவை. ஒவ்வொன்றிலும் 7ஆம் நாள் உடைக்க மூன்று, 28ஆம் நாள் உடைக்க மூன்று, ஆக 18 கட்டிகள். இங்கே சாம்பலின் அளவு மட்டும்தான் மாறுகிறது, தண்ணீர், மணல், கல் எல்லாம் ஒரே அளவு. நாம் வேண்டுமென்றே மாற்றுகிற அந்த ஒன்றுக்குச் சாரா மாறி என்று பெயர். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் விளைவு எதனால் வந்தது என்று சொல்ல முடியாது.

உடனே ஒரு சிக்கல் வரும். உமிச்சாம்பல் தண்ணீரை உறிஞ்சும். 300 மில்லிமீற்றர் உயரக் கூம்பில் கலவையை நிரப்பி, கூம்பைத் தூக்கி, கலவை எவ்வளவு தாழ்கிறது என்று பார்க்கிற சோதனை ஒன்று இருக்கிறது. சாம்பல் இல்லாத கலவை தளர்ந்து தாழும், 20 வீதக் கலவை அப்படியே விறைத்து நிற்கும். இப்போது என்ன செய்வது? தண்ணீரைக் கூட்டினால் நுண்துளைகள் கூடும், எதைத் தடுக்க வந்தோமோ அதுவே நடக்கும். தண்ணீர் கூட்டாமல் கலவையைத் தளர்த்துகிற இரசாயனம் சேர்க்கலாம், அதற்குக் காசு. அப்படியே விட்டால் அச்சுக்குள் ஒழுங்காக இறங்காது, காற்று அடைபடும். மட்டுப்பாடு என்று மேலே சொன்னது இதுதான், வாளியோடு கையில் வந்து நிற்கும்போது அதற்கு விளக்கவுரை தேவைப்படாது.

வார்த்து அடுத்த நாள் அச்சைக் கழற்றிக் கட்டிகளைத் தண்ணீரில் போட்டுவிட வேண்டும். 28 நாள் என்பது மாற்ற முடியாத கணக்கு. ஆறு கிழமை 42 நாள், எட்டாம் நாள் வார்த்தால் 36ஆம் நாள் உடைக்கலாம், பிழைத்தால் மறுபடி வார்க்க நேரம் இல்லை.

இடையில் சும்மா இருப்பதில்லை. ஆய்வு மாணவர் பல மாதங்களுக்கு முன்பே உப்புத் தண்ணீரில் ஊறப்போட்ட துண்டுகள் இருக்கும். ஒன்றைப் பிளந்து, பிளந்த முகத்தில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைத் தெளித்தால், உப்பு போன தூரம் வரைக்கும் வெள்ளையாக மாறும், அதற்கு உள்ளே நிறம் மங்கிக் கறுக்கும். எல்லையை அடிமட்டத்தால் அளக்கலாம். வெள்ளி நைத்திரேற்றும் குளோரைட்டும் சேர்ந்தால் வெண்ணிற வீழ்படிவு வரும் என்பதை ரீச்சர் எத்தனையோ தடவை கரும்பலகையில் எழுதியிருப்பார். அந்த ஒரு வரி ஒரு வீட்டின் ஆயுளை அளக்கிற கருவியாகும் என்று அவருக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்று கட்டி, அதில் ஒன்று முரண்டு பிடிக்கிறது

28ஆம் நாள். கட்டியை நசுக்கும் இயந்திரத்தின் இரும்புத் தட்டைத் துடைத்து, கட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கிறார்கள். வார்க்கும்போது மேலே இருந்த முகம் கரண்டியால் தேய்த்தது, அது அவ்வளவு சமமாக இராது, அச்சைத் தொட்ட பக்கங்கள்தான் வழுவழுப்பு. சுமை ஏறும். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு பக்கங்களில் மெல்லிய வெடிப்புகள், ஒரு முறுக்கல் சத்தம், முள்ளு நின்று பின்னுக்கு விழும். ஒழுங்காக உடைந்த கட்டி இடுப்புச் சிறுத்த உடுக்கை போல இருக்கும், ஏனென்றால் மேலும் கீழும் இரும்புத் தட்டின் உராய்வு கொங்கிறீற்றை விரியவிடாமல் பிடித்துக்கொள்ள, நடுப்பகுதிதான் வெளியே பிதுங்கி உதிரும்.

10 வீதக் கலவையின் மூன்று கட்டிகள் 702, 688, 540 கிலோநியூற்றனில் உடைந்தன என்று எடுத்துக்கொள்வோம். முகப் பரப்பு 22,500 சதுர மில்லிமீற்றர். வகுத்தால் சதுர மில்லிமீற்றருக்கு 31.2, 30.6, 24.0 நியூற்றன். மூன்றையும் சேர்த்துச் சராசரி எடுத்தால் 28.6, கடைசியை விட்டுவிட்டால் 30.9. எதை எழுதுவது?

ஊசல் பரிசோதனைப் பழக்கம் 24ஐ விட்டுவிடு என்று சொல்லும். வழிகாட்டித் தம்பி உடைந்த துண்டைப் பார்க்கச் சொல்வான். உடுக்கை வடிவம் இல்லை, ஒரு மூலை மட்டும் நொறுங்கியிருக்கிறது. பிறகு ஆய்வுக் குறிப்பேட்டைத் திறக்கச் சொல்வான். அன்றன்று செய்ததையும் கண்டதையும் திகதியோடு எழுதுகிற கொப்பி அது. டிப்பெக்ஸ் பூசக் கூடாது, பக்கம் கிழிக்கக் கூடாது, பிழையை ஒரு கோட்டால் வெட்டிப் பக்கத்தில் எழுத வேண்டும், பழையது வாசிக்கத் தெரிய வேண்டும். வார்த்த நாளில் அதில், ஆறாம் அச்சின் ஒரு ஆணி தளர்வு, சீமெந்துப் பால் ஒழுகியது என்று ரீச்சரின் கையெழுத்திலேயே இருந்தால், அந்தக் கட்டியை ஏன் தனியாக வைக்கிறோம் என்று காரணத்தோடு அறிக்கையில் எழுதலாம். அப்படி ஒரு குறிப்பும் இல்லை, உடைந்த வடிவமும் ஒழுங்கு என்றால் 24 உள்ளே இருக்கத்தான் வேண்டும், எவ்வளவு எரிச்சலாக இருந்தாலும். அளவீடுகள் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகலாம் என்பதற்கும் ஓர் எண் கொடுத்துத்தான் முடிவைச் சொல்ல வேண்டும். வழு என்று பாடசாலையில் படிப்பிக்கிறோமே, அது இந்த எண்தான். அது யாரோ விட்ட பிழைக்குப் பெயர் இல்லை, அளவீட்டோடு கூடவே பிறப்பது.

ஆக ஆய்வு அனுபவத்தின் சாரம் உமிச்சாம்பலிலோ நசுக்கும் இயந்திரத்திலோ இல்லை. பிடிக்காத ஓர் எண்ணோடு என்ன செய்வது என்ற அந்தப் பத்து நிமிடத்தில் இருக்கிறது. எந்த ஆய்வுகூடத்துக்குப் போனாலும், ரோபோவோ சூரியக் கலமோ தண்ணீர் வடிப்போ, இந்தப் பத்து நிமிடம் வந்தே தீரும்.

திரும்பி வந்து வகுப்பில்

இங்கேதான் பலர் இரண்டாவது தடவை பிழையாக விளங்கிக்கொள்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் செய்ததைப் பிள்ளைகளும் செய்ய வேண்டும் என்று நினைத்து, நம்மிடம் இயந்திரம் எங்கே என்று கைவிரித்து விடுகிறார்கள். இயந்திரம் தேவையில்லை. பாடவேளைகளுக்குள் அடங்குகிற மாதிரிக் கேள்வியைச் சுருக்க வேண்டும், விடை தெரியாத தன்மையை மட்டும் சுருக்கக் கூடாது.

பிவிசி குழாயைத் துண்டு துண்டாக வெட்டினால் அச்சு. சீமெந்தும் மணலும் ஒரே அளவு, தண்ணீர் மட்டும் குழுவுக்குக் குழு வேறு. ஒரு கிழமை ஈரச் சாக்கில் வைத்து, பிறகு காயவிட்டு, கடைத் தராசில் நிறுத்து, ஒரு மணித்தியாலம் தண்ணீரில் போட்டு மறுபடி நிறுத்தால் எந்தக் கட்டி எவ்வளவு குடித்தது என்று தெரியும். நிறுப்பதற்கு முன் ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊகத்தை எழுத வேண்டும். கொப்பியில் டிப்பெக்ஸ் இல்லை. ஒரு குழுவின் எண் விலகி நின்றால் ரீச்சர் பதில் சொல்லாமல், உங்கட கொப்பியில் அன்றைக்கு என்ன எழுதியிருக்கு என்று மட்டும் கேட்க வேண்டும். வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம்.

2007 சீர்திருத்தத்தோடு நமது ஆசிரியர் வழிகாட்டிகளில் தேர்ச்சி மையம், கண்டறிதல் என்றெல்லாம் வந்துவிட்டது. காகிதத்தில் குறை இல்லை. தானே ஒரு நாளும் விடை தெரியாத ஒன்றைக் கண்டறிந்திராத ஆளிடம் கண்டறிதலைப் படிப்பி என்று கொடுத்ததுதான் குறை, அதற்கு ஆசிரியரைத் திட்டிப் பயனில்லை.

பலன் இருக்கிறதா?

கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயோர்க் நகர ஆசிரியர்களை அடுத்தடுத்த இரண்டு கோடைகளில் ஆய்வுகூடங்களில் சேர்க்கும் ஒரு திட்டத்தை நடத்தியது. பொறியியல் மட்டுமல்ல, விஞ்ஞான ஆய்வுகூடங்கள் பொதுவாக. அதன் விளைவுகள் 2009இல் சயன்ஸ் சஞ்சிகையில் வந்தன. ஆசிரியர்கள் திட்டத்தில் சேர்வதற்கு முன், அவர்களுடைய மாணவர்களும் மற்ற ஆசிரியர்களின் மாணவர்களும் மாநில விஞ்ஞானப் பரீட்சையில் ஒரே வீதத்தில்தான் சித்தியடைந்தார்கள். சேர்ந்து மூன்றாம், நாலாம் வருடங்களில் இவர்களுடைய மாணவர்களின் சித்தி வீதம் மற்ற ஆசிரியர்களின் மாணவர்களுடையதைவிடச் சுமார் 10 வீதம் கூடியிருந்தது.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது அந்த 10 இல்லை, மூன்றாம் நாலாம் வருடம் என்பதுதான். ஆகஸ்டில் அனுப்பி டிசம்பர்ப் பெறுபேற்றைப் பார்க்கிற ஆட்களுக்கு இது சரிவராது. இன்னொன்று, இப்படியான திட்டங்களுக்கு விண்ணப்பிப்பவர்கள் ஏற்கெனவே ஆர்வமுள்ளவர்கள், ஆகவே எல்லா ஆசிரியர்களையும் கட்டாயப்படுத்தி அனுப்பினாலும் இதே பலன் வரும் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஆசிரியரைப் போத்தல் கழுவவும் தரவு தட்டச்சு செய்யவும் மட்டும் வைத்திருக்கிற குழுவில் போய் மாட்டினால் ஆறு கிழமையும் வீண்.

நமது பக்கம்

நிலாவெளி வீதியில் கோணேசபுரியில் இருக்கிற கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் பொறியியல் பீடம் இல்லை. பிரயோக விஞ்ஞானம் இருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. நமக்கு ஓரளவு கிட்ட இருக்கிற பொறியியல் பீடம் என்றால் பேராதனை, கிளிநொச்சியில் இருக்கும் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடம், ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம். எங்கே போனாலும் தங்க வேண்டிய தூரம்.

அமெரிக்கா மாதிரி நீண்ட கோடை விடுமுறையும் நமக்கு இல்லை. மூன்று தவணை, துண்டு துண்டான விடுமுறை, அதிலும் தமிழ்ப் பாடசாலைகளின் விடுமுறையும், நோன்புக்கு மூடுகிற கிண்ணியா, மூதூர் முஸ்லிம் பாடசாலைகளின் விடுமுறையும் ஒன்றாக வராது. ஆறு கிழமையை அப்படியே இங்கே நட முடியாது. ஆனால் 28 நாள் கட்டி தண்ணீரில் கிடக்கும்போது ஆள் பக்கத்தில் நிற்கத் தேவையில்லை. ஒரு விடுமுறையில் வார்த்துவிட்டு, சனிக்கிழமைகளில் போய் உடைத்து, அடுத்த விடுமுறையில் எழுதலாம். கேள்வியை விடுமுறைக்கு ஏற்ற மாதிரித் தேர்ந்தெடுத்தால் போதும்.

திட்டம் வரும்வரை காத்திருக்க விரும்பாதவர்களுக்கு ஒன்று. விரிவுரையாளர் ஒருவருக்குக் கடிதம் எழுதுவதென்றால், ஆய்வு செய்ய வாய்ப்புத் தாருங்கள் என்று எழுதாதீர்கள், அதற்குப் பதில் வராது. உங்கள் ஊரில் கண்ட ஒரு பொருளைப் பற்றி அளக்கக்கூடிய ஒரு கேள்வியை எழுதுங்கள், எந்தெந்த நாட்களில் வர முடியும் என்று எழுதுங்கள், எந்தத் தரத்துக்கு எந்தப் பாடத்தில் இதைக் கொண்டுபோகப் போகிறீர்கள் என்றும் எழுதுங்கள். அதிபரின் சம்மதத்தையும் வலயக் கல்விப் பணிப்பாளரின் அனுமதியையும் முதலே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் பாதியில் இழுபறிதான். முதல் சந்திப்புக்குப் போகும்போது தரம் 10, 11 விஞ்ஞானப் பாடநூல்களைக் கையோடு கொண்டுபோங்கள். விரிவுரையாளர்கள் பலர் அவற்றைக் கடைசியாகப் பார்த்தது தாங்கள் சாதாரண தரம் எழுதிய வருடத்தில்தான்.